பினாங்கு பி, பாயான் பி

என் பேத்தியின் பெயருக்கு விலை முந்நூற்று எண்பது மலேசிய வெள்ளி. ஐந்நூறில் ஆரம்பித்தான் நூர் முகம்மது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் என் பாத்திரக்கடைக்கு நாலு வாசல் தள்ளி வெள்ளிச் சாமான் விற்கிறவன். நான் ஒரு காலைப் படிக்கு வெளியே வைத்தேன். நானூற்றுப் பத்துக்கு வந்தான். மற்றக் காலையும் தூக்கினேன்; முந்நூற்று எண்பதில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அந்த விலைக்கு ஒரு பால் கிண்ணம். பெயர் வெட்டும் கூலி இலவசம்.

“ஆனா அஞ்சு எழுத்துக்கு மேல போனா எழுத்துக்குப் பதினஞ்சு வெள்ளி, அண்ணே. இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் முகத்தைத் தூக்கக் கூடாது.”

“என் பேத்தி பேரு அஞ்சே எழுத்துதான் தம்பி.”

அதிரா. ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தான், ஐந்துதான். எதற்கும் அதிராதவள் என்று பொருள். வியாபாரக் குடும்பத்துப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய முதல் என்ன வேண்டும்? வெள்ளிக் கிண்ணம், வெள்ளி கொடுத்து, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கையில் வந்துவிட்டது. ஒரே ஒரு சின்னக் குறை. அந்தப் பெயர் கிண்ணத்துக்குத்தான் வைக்கப்பட்டிருந்தது. குழந்தைக்கு இன்னும் வைக்கவில்லை.

வைக்க விடாமல் குறுக்கே நின்றவர் என் சம்பந்தி ஏரம்பமூர்த்தி. மருமகள் நிலானியின் அப்பா. பிறந்து வளர்ந்ததெல்லாம் தைப்பிங்தான். பேச்சு மட்டும் யாழ்ப்பாணத்தை விட்டுக் கப்பலேறவே இல்லை. அரசாங்க ஆபீசில் கோப்புக் கட்டியே பென்ஷன் வரைக்கும் போனவர். குழந்தையைப் பார்க்க வந்து, பாயான் பாருவில் எங்கள் வீட்டுக் கீழ் அறையில் தங்கியிருந்தார். அவர் மனதில் இருந்த பெயர் அருந்ததி. காலமாகிவிட்ட அவர் மனைவியின் பெயர். இருப்பவர்களோடு நான் எந்தப் பேரமும் பேசுவேன். போனவர்களோடு எப்படிப் பேசுவது?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதை அவிழ்த்துவிட்டதும் கிள்ளானிலிருந்து ஒருவர் எண்கணிதம் அனுப்பினார், ஈப்போவிலிருந்து ஒருவர் நட்சத்திரம் அனுப்பினார். என் மகன் அருணன் பிறைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தீர்ப்புச் சொன்னான்.

“இனிமே குரூப்ல பேர் பேசக் கூடாது. மேல எங்க ரூம்ல கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். அதுல ‘பாப்பா’ன்னு ஒரு ஃபைல் வச்சிருக்கேன். நீங்களும் மாமாவும் மட்டும் கீழ இருந்தே ரிமோட் லாகின் பண்ணி அதுல எழுதலாம். நம்ம வீட்டு வைஃபைக்கு வெளியிலேர்ந்து எவனும் உள்ள வர முடியாது. வெள்ளிக்கிழமை காலையில அதுல என்ன பேர் இருக்கோ, அதைத்தான் பதிவு ஆபீஸ்ல குடுப்பேன். அப்புறம் கம்ப்ளைன் கிடையாதுலா.”

ரிமோட் லாகின் என்றால், கீழே என் மடிக்கணினியில் உட்கார்ந்துகொண்டு மேலே இருக்கும் கணினிக்குள் நுழைவது. படியேறிப் போய் எழுதினால் என்ன என்று கேட்கலாம். மேலே பச்சை உடம்புக்காரி, பச்சைக் குழந்தை. கடைத்தூசியோடு எந்த ஆம்பளையும் மாடிப்படியில் காலை வைக்கக் கூடாது என்று என் மனைவி குமுதா சட்டம் போட்டிருந்தாள். குமுதாவின் சட்டத்துக்கு அப்பீல் கிடையாது.

மரியாதைக்கு மரியாதையாக, எனக்கு லாகின் செய்து தந்தது மருமகள். அவருக்குச் செய்து தந்தது என் மகன். கடவுச்சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தாள் நிலானி.

“பேரு என்ன போடணும்மா?”

“உங்க பேருதான், மாமா.”

இவ்வளவு லேசான விஷயத்தை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தேன். யோசனை இதுதான்: கடைசி நேரத்தில் எழுதுகிறவன் எழுதியதுதான் நிற்கும். முதலில் எழுதி வைத்துவிட்டு, இரவு வரைக்கும் மடிக்கணினியை விட்டு நகராமல் காவல் இருப்பது. வெளியே இடி இடித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து நிலானி காட்டித் தந்த படத்தைத் தட்டினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபக்கத்திலிருந்து பதில் இல்லை என்று சொல்லிவிட்டு நின்றது.

அதே நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இருட்டு மூலையிலிருந்து சம்பந்தி முதுகை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார். கையில் ஒரு பிளக். வைஃபை பெட்டி இருப்பது அந்த மூலையில்தான்.

“என்ன சம்பந்தி, அங்க என்ன தேடுறீங்க?”

“இடி முழங்குது பாருங்கோ. எல்லாத்தையும் நிப்பாட்டினனான். இப்ப திரும்பப் போடப் போறன்.”

“ஃபிரிட்ஜ் ஓடுது. டிவி ஓடுது. இது மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிச்சா?”

“அதுகளுக்குக் கம்பி வெளியால வரேல்லையே. இதுக்குத்தான் வெளியாலயிருந்து கம்பி வருது” என்றார்.

நல்ல பதில். என் அப்பா சொல்வார்: தயாராக வைத்த பதிலுக்கு நல்ல சரக்கைவிடப் பளபளப்பு அதிகம். சம்பந்தி பிளக்கைச் சொருகினார். பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. மறுபடி தட்டினேன். இம்முறை பதில் வந்தது: இணைப்பு மறுக்கப்பட்டது.

மறுக்கப்பட்டதா? யாரால்?

“நிலானி! அம்மா நிலானி!”

குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே படியின் தலைப்பில் வந்து நின்றாள் மருமகள். பாயான் லெப்பாஸில் கணினிச் சிப்புகளைச் சோதிக்கும் வேலை அவளுக்கு. பிரசவ லீவில் என்னைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

“வைஃபை பெட்டி ஆஃப் ஆகி ஆன் ஆச்சா, மாமா?”

“உங்கப்பாவைக் கேளு.”

“அப்படி ஆனா அது எல்லா மெஷினுக்கும் புது நம்பர் குடுக்கும். எங்க கம்ப்யூட்டரு பத்துல இருந்துச்சு. அதை அங்கேயே கட்டி வைன்னு அருணன்கிட்ட சொன்னேன், மறந்துட்டாரு. இருங்க, இப்ப பத்துல யாரு இருக்காங்கன்னு பாக்குறேன்.” கைப்பேசியைப் பார்த்தாள். சிரித்தாள். “எங்கப்பா டேப்லெட்டு.”

“உங்கப்பா எதுக்கு அங்க போய் உக்காந்தாரு?”

“அவரா உக்காரல, மாமா. பெட்டி உக்கார வச்சிருக்கு. நீங்க பதினாலுக்குப் போங்க.”

மருமகள் நல்ல பெண். அப்பாவை விட்டுக் கொடுக்க மாட்டாள். ஆனால் நான் வளர்ந்தது கடைத்தெருவில். ஒருவன் மெயின் சுவிட்சை அணைக்கிறான். வெளிச்சம் வந்ததும் அடுத்தவன் கல்லாவில் அவன் உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், ‘நாற்காலிதான் என்னை உட்கார வைத்தது’ என்கிறான். எங்கள் தெருவில் இதற்கு வேறு பெயர்.

பதினாலுக்குப் போனேன். கதவு திறந்தது. பெயர் கேட்டது, கொடுத்தேன். கடவுச்சொல் கேட்டது, காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கொடுத்தேன். அனுமதி இல்லை என்றது.

மறுபடி. அனுமதி இல்லை. எல்லாம் பெரிய எழுத்தில் போட்டேன். அனுமதி இல்லை.

“பேரு தப்பா, பாஸ்வர்டு தப்பான்னு சொல்லித் தொலையாதா இது?” என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

“சொல்லாது, மாமா. சொன்னா திருடனுக்குப் பாதி வேலை முடிஞ்சிடும்ல?”

“நான் திருடனா?”

“அது அதுக்குத் தெரியாதே!”

உள்ளூர அந்த மெஷினை மெச்சினேன். வாங்க வந்தவனுக்குச் சரக்கில் குறையா, விலையில் குறையா என்று காட்டிக் கொடுக்காத முகம். அப்பா இருந்திருந்தால் அதற்குக் கடையில் பங்கு கொடுத்திருப்பார். ஆனால் அந்த முகத்தை இப்போது என்னிடம் அல்லவா காட்டுகிறது? கடவுச்சொல்லை யாரோ மாற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு வெளியிலிருந்து யாரும் வர முடியாது என்று அருணனே சொல்லிவிட்டான். அப்படியானால் வீட்டுக்குள் இருப்பவர்தான்.

வீட்டுக்குள் இருப்பவர் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து, டேப்லெட்டை மூக்குக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு ஒரு விரலால் எதையோ குத்திக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் எடுப்பதுபோல அந்தப் பக்கம் போனேன். டேப்லெட்டை மார்போடு சாய்த்துக்கொண்டார்.

“எழுதியாச்சா, சம்பந்தி?” என்றேன்.

“எழுதுறதுக்கென்ன. எழுதத்தானே போறம்.” என் முகத்தைப் பார்த்தார். “நீங்கள்?”

“எப்பவோ!” என்றேன். வியாபாரத்தில் இதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை.

“அப்படியோ” என்றார் அவர். வேறொன்றும் கேட்கவில்லை. கோப்புக் கட்டினவர்கள் அப்படித்தான். முடிச்சு உள்பக்கம் இருக்கும்.

அடுப்படியில் பத்தியக் குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த குமுதா என்னைப் பார்த்தாள். “ஏங்க, பூனை மீன் பாசாரைச் சுத்துற மாதிரி எதுக்கு அந்த மனுசனையே சுத்துறீங்க?”

“அவர் உள்ள போயிட்டாரு, குமுதா. என்னை வெளிய வச்சுப் பூட்டிட்டாரு.”

“அவரா? காலையில டிவியை ஆன் பண்ணத் தெரியாம என்னைக் கூப்பிட்டவரு.”

“அது நடிப்பு.”

“அப்ப அவருக்கு விருது குடுங்க” என்று சொல்லிவிட்டு அவள் பூண்டுக்குத் திரும்பினாள்.

என்னால் உட்கார முடியவில்லை. காலையில் என் பேத்தி அருந்ததியாகிவிடுவாள், கிண்ணம் யாரோ ஒருத்தியின் பெயரோடு அலமாரியில் நிற்கும். என் பூட்டு திறக்கவில்லை என்றால் அவர் பூட்டைத் திறப்பது. அவ்வளவுதான் யோசித்தேன். பெயர் கேட்ட இடத்தில் ஏரம்பமூர்த்தி என்று தட்டினேன். கடவுச்சொல்? வேறு என்ன வைத்திருக்கப் போகிறார்? அருந்ததி. அனுமதி இல்லை. அதையே பெரிய எழுத்தில் கொடுத்தேன். இல்லை. தைப்பிங். அதுவும் இல்லை. பிறகு மெஷின் பேச்சையே நிறுத்திக்கொண்டது. மறுப்புக்கூட வரவில்லை. வாசலில் நின்றவனைக் கண்டும் காணாததுபோல ஜன்னலைச் சாத்திவிட்டது.

இதுவரைக்கும் என்னை எந்தக் கடையிலும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதில்லை. எழுந்து போனேன்.

“சம்பந்தி, எனக்கு நேரா ஒரு பதில் சொல்லுங்க. எதுக்கு என்னை வெளியே தள்ளுனீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நானோ? மத்தியானம் தொடக்கம் நான் வாசல்ல நிக்கிறன். நீங்களெல்லோ உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்திப்போட்டு, எப்பவோ எழுதியாச்சு எண்டு சொல்லுறீங்கள்!”

“நான் எங்கய்யா உள்ள போனேன்?”

“அப்ப ஆர் போனது?”

“யாருமே போகல!” என்றது மேலேயிருந்து ஒரு குரல். நிலானி படியின் தலைப்பில் நின்றாள். ஒரு தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மறு கையில் கைப்பேசி. “ரெண்டு பேரும் சத்தத்தைக் குறைங்க. இப்பதான் கண்ணை மூடினா. மேல மெஷின்ல பாத்துட்டுத்தான் வர்றேன். யாரு எந்தப் பேரைச் சொல்லித் தட்டினாங்கன்னு அதுல எல்லாம் இருக்கு. மாமா, ஜெயராஜ்ல நீங்க ஜே-ஏ-ஒய்னு போட்டிருக்கீங்க.”

“என் பேரு அதுதானே. ஐசி கார்டுல பாரு.”

“நான் ஜே-இ-ஒய் போட்டேன், மாமா. எங்க பக்கத்துல ஜெயராஜ்னா ஜே-இ தான். உங்களைக் கேக்கவே தோணல.” நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அப்பா, உங்களுக்கும் அதே கதைதான். ஏரம்பமூர்த்தில அருணன் பி போட்டிருக்காரு.”

“பி தானே நானும் போட்டனான்?”

“நீங்க போட்டது பினாங்குக்குப் போடுற பி. அவர் போட்டது பாயான் பாருவுக்குப் போடுற பி.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தமிழில் ஒரே ‘ப’ தான். அதை அவர் வீட்டார் ஒரு கடையில் மாற்றியிருக்கிறார்கள், எங்கள் வீட்டார் வேறு கடையில் மாற்றியிருக்கிறார்கள். சில்லறை வேறு வேறாக வந்திருக்கிறது. கோப்பு இன்னும் காலியாகத்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் நிலானி மறுபடி கைப்பேசியைப் பார்த்தாள்.

“மாமா, உங்க லேப்டாப்லேர்ந்து இன்னொரு பேரும் வந்திருக்கு.”

அடுப்படியில் குமுதா பூண்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

“எங்கப்பா பேரு” என்றாள். “மூணு தடவை. பாயான் பி போட்டு. பாஸ்வர்டு மட்டும்தான் தப்பு.”

பெயர் சரி, கடவுச்சொல்தான் தவறு என்று மெஷின் என்னிடம் சொல்லாமல் மறைத்ததை மருமகள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். விலையைக் குறைத்துச் சொல்லிக் கையும் களவுமாக அகப்பட்டால் சிரித்துக்கொண்டே, ‘சும்மா, உங்களைச் சோதிச்சேன்’ என்று சொல்ல வேண்டும் என்பார் அப்பா. போய் மடிக்கணினியை மூடினேன். சிரிப்பு வரவில்லை.

சம்பந்தி கண்ணாடியைத் துடைத்தார். “என்ர பேரை எனக்கே சரியா எழுதத் தெரியேல்லை” என்றார். “நீங்கள் ஒருத்தர்தான் சரியா எழுதியிருக்கிறீங்கள். நன்றி, சம்பந்தி.”

அதைவிட இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

“அப்பா, நீங்க மட்டும் என்னவாம்?” என்றாள் நிலானி. அவளுக்கு என்மேல் இரக்கமா, இல்லை கணக்கைச் சமமாக்குகிற பழக்கமா, தெரியவில்லை. “பினாங்கு பி போட்டு நாலு தடவை. கடைசியா இது என்ன? யூசர் பேர் கேட்டா ‘அதிரா’ன்னு போட்டிருக்கீங்க?”

“பேர் எண்டுதானே அதில கேட்டது? என்ர பேர் வேண்டாம் எண்டுது. சரி, பிள்ளையின்ர பேரைத்தான் கேக்குதாக்கும் எண்டு அதை எழுதினன்.”

நான் அவர் பக்கம் திரும்பினேன். “அதிராவா? நீங்க அருந்ததின்னு…”

“நினைச்சனான்தான்.” குரலைத் தாழ்த்தினார். “உயிரோட இருக்கேக்குள்ள மனுசியை ஒரு நாளும் நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இஞ்சாரும்’ எண்டுதான். இப்ப அந்தப் பேரைச் சொல்லி, பாலைக் குடி, கத்தாதை எண்டு அதட்ட ஏலுமே? நேற்றுத் தனிய இருந்து சொல்லிப் பாத்தன். வாய் கூசுது. அதான், நீங்கள் சொன்ன பேரையே எழுதிப்போட்டு விடுவம் எண்டு மத்தியானம் தொடக்கம் இதைக் குத்திக் குத்தி…” டேப்லெட்டை மேசைமேல் வைத்தார். “உங்களுக்குத் தெரியாமல் எழுதி, காலையில காட்டுவம் எண்டு நினைச்சன்.”

டேப்லெட்டை மார்போடு மறைத்தது அதற்குத்தான்.

அலமாரியைத் திறந்து கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டினார்.

“அ… டி… ரா?”

“அதிரா, சம்பந்தி.”

“ஹெச் எங்க? தைப்பூசத்துக்குப் போடுறமே டி-ஹெச், அதெல்லோ வேணும்? இதை ஆர் வாசிச்சாலும் ‘அடிறா’ எண்டுதான் வாசிப்பினம்.”

குமுதா பூண்டுத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தாள். “ஐயோ, பள்ளிக்கூடத்துல டீச்சரு பேர் கூப்பிட்டா, பக்கத்துப் பிள்ளைங்க நிஜமாவே அடிச்சிடுமே! ஏங்க, ஹெச்சை எங்க விட்டீங்க?”

“ஹெச்சுக்கு அவன் காசு கேட்டான்” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அருணன் பதிவு அலுவலகத்தில் குழந்தையின் பெயரைத் தைப்பூசத்து டி-ஹெச் போட்டு எழுதினான். ஆறு எழுத்து. ‘பாப்பா’ கோப்பில் அதைத் தட்டியது சம்பந்தியின் விரல். மாடிப்படிச் சட்டத்தை ஐந்து நிமிஷம் தளர்த்தி, குளித்துவிட்டு வரச் சொல்லி, குமுதாவே அவரை மேலே அனுப்பினாள். லாகின் தேவைப்படவில்லை. நான் கீழேயே நின்றேன்.

பதிவு முடிந்ததும் கிண்ணத்தோடு நேரே நூர் முகம்மதுவிடம் போனேன். பழைய எழுத்தைத் தேய்த்து எடுத்துப் புதிதாக ஆறு எழுத்து வெட்ட வேண்டும், தேய்க்கிற கூலி முப்பது, இலவசமெல்லாம் ஒரு தடவைதான், எழுத்துக்குப் பதினைந்து என்றான். பணத்தை எடுத்துக் கொடுத்தேன். என் கால் வாசல் பக்கம் நகரும் என்று காத்திருந்தான், நகரவில்லை என்றதும் பயந்துபோய், “உடம்பு சரியில்லையா அண்ணே?” என்று கேட்டான்.

ஆகக் கணக்கு இப்படி நிற்கிறது. கிண்ணம் முந்நூற்று எண்பது. தேய்த்த கூலி முப்பது. ஆறு எழுத்து தொண்ணூறு. ஐந்நூறு வெள்ளி, நூர் முகம்மது முதலில் சொன்ன அதே விலை, அவனுக்குத் தீர்ந்தது. பெயர் எங்கள் வீட்டது, எழுத்து அவர்கள் வீட்டது, அதுவும் நேர். சம்பந்தி என் பெயரைச் சொல்லி ஒரு தடவைகூடத் தட்டவில்லை. நான் அவர் பெயரைச் சொல்லித் தட்டியது மூன்று தடவை. அதற்குக் கணக்கு அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. மூன்றும் என் பெயரில் பாக்கி.